பாக்கியத்திடம் கேட்காத கேள்வி

எழுபதுகளின் கடைசியில், காசநோய் ஆராய்ச்சி ஒன்றுக்காக நெட்டப்பாக்கம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகக் கேள்வித்தாள் நிரப்பிக்கொண்டிருந்தேன். நாற்று நடப் போகும் பாக்கியம் எங்கள் நோயாளிகளில் ஒருத்தி. நான் போகும்போதெல்லாம் அவள் கதவோரம் நிற்பாள். கணவர்தான் பதில் சொல்வார்.

"மாத்திரை தினமும் போடுறாங்களா?"

"போடாம? அவள இன்னா சார் கேக்குற, எங்கிட்ட கேளு."

அவரிடமே கேட்டு, 'தவறாமல் சாப்பிடுகிறார்' என்று ஐந்து மாதம் எழுதினேன். ஆறாம் மாதம் போனபோது, பாக்கியம் இரத்தம் கக்கி இறந்து மூன்று நாளாகியிருந்தது.

அவள் நாத்தனார்தான் சொன்னாள். "அந்த மாத்திர கொமட்டும் சார். கழனில வாந்தி எடுத்தா மேஸ்திரி வூட்டுக்குப் போவச் சொல்லிடுவாரு. அதான் வேல இருக்கிற நாள்ல போட மாட்டா. உங்கிட்ட சொல்லணும்னுதான் கதவாண்டயே நின்னா. நீ திரும்பிக்கூடப் பாக்கல."

கண் கூசும் பச்சை வயல்களுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

இப்போதெல்லாம் கேள்வித்தாள் அச்சுக்குப் போகும் முன், மாத்திரை விழுங்குகிறவர்களுக்கே அதைப் படித்துக் காட்டுகிறேன். விட்டுப்போனதை அவர்கள் சொல்லச் சொல்லச் சேர்க்கிறேன். வீட்டுக்காரர் குறுக்கே பேசினால் பேனாவை மூடிவிட்டு, அந்தப் பெண் வாய் திறக்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.