வாயைக் காட்டச் சொன்ன சின்னம்மா

சின்னம்மா சோற்றை உருட்டித் தன் வாயருகே கொண்டுபோனார். உருண்டை நுழையும் அளவுக்கு வாய் திறக்கவில்லை. உருண்டையைத் தட்டில் வைத்துப் பாதியாகக் கிள்ளி, உதடுகளுக்கிடையே தள்ளினார். காரம் பட்டதும் கண்ணில் நீர் கட்டியது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் ஒரு நாள், கவுஞ்சி மலைக்கிராமத்தில் அவர் வீட்டில், எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் அம்மாவின் தங்கை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், லயம் எனப்படும் கூலியாட்களின் வரிசை வீட்டில் பிறந்து, குடும்பத்தோடு இந்த மலைக்கு வந்தவர். கொழுந்து பறித்த கை இங்கே கேரட் பிடுங்கியது. வெற்றிலை பாக்கோடு புகையிலை அடக்கும் பழக்கம் அங்கேயே தொற்றியிருந்தது; இங்கே அதை வளர்த்தவர் தோட்டத்து மேஸ்திரி. பனி விலகுமுன் பெண்களைப் பாத்தியில் இறக்கிவிட்டு, ஆளுக்கொரு துண்டு புகையிலை கிள்ளிக் கொடுப்பார். அதை அடக்கிக்கொண்டால் குளிர் தெரியாது, பசி தெரியாது. மதியம்வரை யாரும் நிமிர மாட்டார்கள். அதை மேஸ்திரியின் நல்ல மனசு என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

மதுரையில் ஒரு மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப்போனேன். கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு படர்ந்திருந்தது. சதை எடுத்துச் சோதித்த டாக்டரம்மா, இன்னும் புற்றாகவில்லை, ஆனால் ஆகக்கூடும், புகையிலையும் பாக்கும் இன்றோடு நிற்க வேண்டும் என்றார். இறுகிய வாய் பழையபடி திறக்காது என்பதையும் மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்ததை அடுப்பில் போட்டார் சின்னம்மா. பிறகு வந்த வாரங்கள் கொடுமையானவை. தலைவலி, எரிச்சல், காரணமில்லாத அழுகை. பேசிக்கொண்டிருக்கும்போதே கை இடுப்புச் சுருக்குப்பையைத் தேடும். ஆனாலும் திரும்பத் தொடவில்லை. வேலைக்குப் போன முதல் நாள் மேஸ்திரி நீட்டியதை வாங்காமல், எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார்: "பொயல வேணாங்க. பத்து மணிக்கு ஆளுக்கு ஒரு டீயும் பன்னும் குடுங்க. எங்களுக்குப் பசிக்குது."

மறுநாள் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

அதைவிட அவரை வாட்டியது பக்கத்து வீட்டு அக்காவின் பிடிவாதம். ஒரே பாத்தியில் வேலை செய்தவர்கள். அக்காவின் நாக்கோரத்தில் ஆறாத புண் இருந்தது. சின்னம்மா தினமும் போய்க் கெஞ்சினார். "நல்லாத்தான இருக்கேன். சோலியக் கெடுத்துட்டு மதுரைக்கு எதுக்கு?" என்று அக்கா கதவைச் சாத்திக்கொண்டார். கழுத்தில் கட்டி தெரிந்த பிறகுதான் மதுரைக்கு வந்தார். அப்போது டாக்டரம்மாவுக்குச் சொல்ல அதிகம் இருக்கவில்லை. கடைசி மாதங்களில் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, கரண்டியால் ஊட்டியவர் சின்னம்மாதான்.

அக்கா இறந்தபின் பெண்கள் ஒன்றாக நின்று டீ கேட்டார்கள். மேஸ்திரி கொடுத்தார். சின்னம்மாவையும் திரும்ப அழைத்தார். நான் மகிழ்ந்துபோய் விசாரித்தபோது சின்னம்மாவின் முகம் தெளியவில்லை. டீ வந்தது, புகையிலையும் நிற்கவில்லை. இப்போது இரண்டும் கொடுக்கிறார்களாம்.

சில வருடங்கள் கழித்து நாயுடுபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். அக்காவின் மகள் வந்தாள். அதே தோட்டத்தில்தான் வேலை. எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பி, வாயில் அடக்கியிருந்ததைத் துப்பிவிட்டு வந்து நலம் விசாரித்தாள். சின்னம்மா அவள் அருகே போய் நின்றார்.

"வாயத் தொற."

"எல்லாரும் பாக்குறாக, சின்னம்மா."

"பாக்கட்டும். தொற."

அவள் திறந்தாள். சின்னம்மா அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, வெகுநேரம் பார்த்தார். என்ன கண்டார் என்று அவளிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. "நாளைக்கு வேலைக்குப் போகாத. வெள்ளனே கெளம்பி வா, மதுரைக்குப் போவோம்" என்றார். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

வருவாள் என்று நான் நம்பவில்லை. காலையில் முதல் பஸ் புறப்பட இருந்தபோது, குல்லாவும் சால்வையுமாக ஓடி வந்து ஏறி, சின்னம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடிவாரத்தில் பஸ் நின்றபோது அவள் மெதுவாகக் கேட்டாள்: "அம்மாவ இந்த மாதிரி வெரசாவே கூட்டிட்டு வந்திருந்தா?"

சின்னம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.