கட்டுக்கம்பி போட்ட பன்னிரண்டு பாட்டில்

எங்கள் தெருவில் செத்துப்போன ஒருவர் மத்தியானம் மூன்றரை மணிக்கு இருமுகிறார் என்று முதலில் சொன்னது நான்தான். விளையாட்டுக்குச் சொன்னேன். நான் எதையும் விளையாட்டுக்குத்தான் சொல்வேன். பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றதைக்கூட, பள்ளிக்கூடத்தால் என்னைத் தாங்க முடியவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அங்கிளின் வீடு. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் தெருவே அவர் வீட்டில்தான் இருக்கும். பன்னீர் திராட்சையைக் கையால் பிசைந்து, சர்க்கரை, கிராம்பு, ஒரு கைப்பிடி கோதுமை எல்லாம் போட்டு, ஜாடியில் இருபத்தோரு நாள் ஊறவைத்து அவரே ஒயின் போடுவார். ஆண்டி அதை விரல் உயரக் கண்ணாடி டம்ளரில் ஊற்றித் தருவார். இருமல் மருந்து மாதிரி இருக்கிறது என்று நான் வருஷா வருஷம் சொல்வேன். சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் கேட்பேன்.

அங்கிளைக் கெடுத்தது என் வேலை. விருந்துகளில் பார் மேசை போடும் ஒரு குழுவில் நான் இருக்கிறேன். வேலப்பன்சாவடி தாண்டி உள்ளே இருக்கும் பண்ணை வீடுகளில் பிறந்தநாள், புத்தாண்டு என்று கூப்பிடுவார்கள். அங்கே பொங்குகிற ஒயினில் பழச்சாறு கலந்து, விளிம்பில் சர்க்கரை ஒட்டிய கிளாஸில் கொடுப்போம். கிளாஸுக்குள் குமிழி வரிசையாக ஏறுவதைப் போனில் படம் எடுத்து அங்கிளிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நாலு தடவை பார்த்தார்.

"இத்த நம்ம ஒயின்ல கொண்டாற முடியுமாடா?"

முடியும் என்றேன். எனக்கு என்ன தெரியும். கூட வேலை பார்க்கிறவர்கள் பேசியதைக் கேட்டதுதான். ஊறி முடித்த ஒயினை மறுபடி கொஞ்சம் சர்க்கரை போட்டு பாட்டிலில் அடைத்தால், காற்று உள்ளேயே மாட்டிக்கொண்டு பொங்கும். அதற்குச் சாதாரண பாட்டில் தாங்காது. அடியில் குழி விழுந்த தடி பாட்டில் வேண்டும். வேலை முடிந்து வரும்போது காலியானதில் பன்னிரண்டு பாட்டிலை, பிளாஸ்டிக் மூடியோடு கோணிப்பையில் சுற்றி பைக்கில் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த வருஷ கிறிஸ்துமஸோடு அவருக்கும் ஆண்டிக்கும் கல்யாணமாகி நாற்பது வருஷமாம். ஆண்டிக்கே தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஜூலை கடைசியில் மொட்டை மாடியில் இருக்கும் ஷீட் போட்ட அறையில் இரண்டு பேரும் உட்கார்ந்து, அவர் போட்ட ஒயினைப் பாட்டிலில் அடைத்தோம். அவருடைய ஸ்பானரும் ஆணி டப்பாவும் இருக்கும் அறை அது. மூடி பறக்காமல் இருக்க, கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் கட்டுக்கம்பியை எடுத்து, ஒவ்வொரு கழுத்துக்கும் மூன்று முறுக்கு முறுக்கி, முனையை உள்பக்கம் மடித்துவிட்டார். அதன்மேல் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினார். பாட்டிலுக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேட்டார். ஒரு ஸ்பூன் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"மூணு போடுங்க அங்கிள். டான்ஸ் ஆடும்."

போட்டார். மரப்பெட்டியில் மரத்தூள் கொட்டிப் படுக்கவைத்து, மேலே கோணியை மூடினோம். இரண்டு வாரத்தில் அவர் போய்விட்டார். நெஞ்சுவலி. ஆவடி தாண்டுவதற்குள் ஆட்டோவிலேயே முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஆண்டி என்னைக் கூப்பிட்டு, மாடி அறையில் யாரோ இருமுகிறார்கள் என்றார். அவர்தான் அறையைப் பூட்டிச் சாவியைத் தாலிச் சங்கிலியோடு மாட்டியிருந்தார். அங்கிளின் இருமல் எல்லோருக்கும் தெரியும். முதலில் கனமாக ஒரு 'டொப்'. பிறகு இழுத்துக்கொண்டே போகும் ஒரு நீள மூச்சு. சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மூன்றரைக்கு மாடிக்குப் போகும்போது அந்த இருமல் தெரு முனைவரை கேட்கும்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மத்தியான வெயிலில் ஷீட் கொதிக்கிறது. உள்ளே மூன்று ஸ்பூன் சர்க்கரை டான்ஸ் ஆடுகிறது. பாட்டில் வெடிக்கிற சத்தம் கோணிக்கும் மரத்தூளுக்கும் அடியிலிருந்து அமுங்கி வருகிறது. சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவைச் சிரிக்கவைக்க வேண்டும் போல இருந்தது.

"அங்கிள்தான் ஆண்டி. எங்க போவாரு. மேல குந்திகினு ஸ்பானர் எண்ணிகினு கீறாரு."

ஆண்டி சிரித்தார். அன்றைக்குச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

சர்ச்சில் கொடுத்த மாதக் காலண்டர் சமையலறையில் தொங்கியது. சத்தம் கேட்ட நாளெல்லாம் அதில் பென்சிலால் ஒரு கோடு போட ஆரம்பித்தார். மூன்றரைக்கு இரண்டு டம்ளர் டீ போடுவார். ஒன்றைக் குடித்துவிட்டு, இன்னொன்றை மாடிப்படியின் முதல் படியில் வைப்பார். சிலிண்டர் வந்தது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று படியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் போனால், சத்தம் போடாதே, இப்போதுதான் இருமினார் என்பார். படியில் வைத்த டீ ஆறி ஆடை கட்டியிருக்கும். அந்த வீட்டுக்குள் நான் கேலி பேசுவது குறைந்தது. படிக்கு முதுகைக் காட்டி உட்காருவதையும் விட்டுவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஆண்டியின் மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். எனக்கு அக்கா முறை. சின்ன வயதில் என் தலையில் குட்டியவள். வந்த இரண்டு மத்தியானமும் மேகமூட்டம். வெயில் இல்லை, சத்தமும் இல்லை. அம்மா படியோடு பேசுவதை மட்டும் பார்த்தாள். என்னை வாசல் கேட்டுக்கு வெளியே நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். மாடியில் ஒன்றும் இல்லை, அம்மாவுக்குத்தான் என்னமோ ஆகிவிட்டது, புத்தாண்டு முடிந்ததும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டப் போகிறாள், வீட்டைக் காலிசெய்து வாடகைக்கு விட்டுவிடுவாள். அம்மா வரமாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

"சத்தம் உண்மைன்னு யாராவது ஒருத்தர் சொன்னா, நான் ஏன்டா அம்மாவ இழுத்துகிட்டுப் போறேன்?"

கிறிஸ்துமஸ் அன்று காலை, கோயிலுக்குப் போய் வந்தவர்கள் புடவைகூட மாற்றவில்லை. இரண்டு பேரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு பாட்டில், கட்டுக்கம்பி, நாற்பதாவது வருஷம், மூன்று ஸ்பூன். ஆண்டி என்னைத் திட்டவில்லை. சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றி மகளிடம் கொடுத்தார்.

கதவைத் திறந்ததும் வாசனை முகத்தில் அடித்தது. புளிப்பும் கிராம்பும் மெழுகும் கலந்த வாசனை. கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கிள் தோளில் கை போட்டால் அப்படித்தான் மணக்கும். ஆண்டி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். பெட்டிக்கு அடியிலிருந்து தரையில் ஒரு கறை ஓடி, காய்ந்து கறுத்து, சுவர் ஓரம்வரை போயிருந்தது. திராட்சை என்று தெரிந்தும் எனக்கு அதை மிதிக்க மனசு வரவில்லை. தாண்டிப் போய்க் கோணியைத் தூக்கினேன். ஐந்து பாட்டில் வெடித்திருந்தன. ஏழு முழுசாக இருந்தன.

மகளின் முகம் தெளிந்தது. கீழே போய்க் காலண்டரையே எடுத்துக்கொண்டு வந்தாள். ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு தாளாகத் திருப்பி எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"அஞ்சுதானே வெடிச்சிருக்கு. அம்மா பதினோரு கோடு போட்டிருக்காங்களே."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், பெங்களூருக்கு அம்மாவின் துணிப்பெட்டி பாதி கட்டியாகிவிட்டது. நான் உடைந்த கண்ணாடியைப் பார்த்தேன். ஐந்தும் பழையது. சில்லில் எல்லாம் தூசி படிந்து, ஒட்டியிருந்த மரத்தூள் பூஞ்சை பிடித்திருந்தது. புதிதாக வெடித்தது ஒன்றுகூட இல்லை. காலண்டரின் கடைசிக் கோடோ போன ஞாயிற்றுக்கிழமை. மீதி ஏழு பாட்டிலின் கழுத்தையும் தடவிப் பார்த்தேன். மூன்று முறுக்கு, உள்பக்கம் மடித்த முனை, மேலே கீறல்கூட இல்லாத மெழுகு.

"பாட்டில் வெடிச்சாத்தான் சத்தமா அக்கா? ஒடையாம கீற பாட்டிலும் மூடி வழியா மூச்சு வுடும். டொப்புன்னு ஒண்ணு வுட்டு இழுத்துகினே போவும். எங்க வேலைல தினம் பாக்குறோம்."

நான் சொன்ன பொய்களிலேயே நிதானமாகச் சொன்ன பொய் அதுதான். நிரூபிக்கிற மாதிரி ஒரு பாட்டிலை எடுத்து, துணியைச் சுற்றி, கம்பியைப் பிரித்தேன். மூடி விரலைத் தள்ளிக்கொண்டு வந்தது. கனமாக ஒரு 'டொப்'. பிறகு நீளமாக ஒரு மூச்சு. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா இருமுகிற மாதிரியே இருக்கிறது என்று அழுதாள். ஆண்டி மட்டும் அந்தச் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

சாயங்காலம் தெருவே வந்தது. அங்கிள் ஆசைப்பட்ட மாதிரியே கலந்தேன். பாட்டில்களைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கொட்டிப் புதைத்தேன். மீன் கடை ஐஸ், அதை யாரிடமும் சொல்லவில்லை. இஞ்சியைத் தட்டிச் சர்க்கரைப் பாகில் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறியதும் இரண்டு சொட்டு பன்னீர் விட்டேன். கிளாஸ் விளிம்பில் எலுமிச்சையைத் தேய்த்துச் சர்க்கரையில் கவிழ்த்தேன். அடியில் ஒரு ஸ்பூன் பாகு, பத்துப் பன்னிரண்டு மாதுளை முத்து. கடைசியில்தான் ஒயின். கிளாஸைச் சாய்த்து, ஓரமாக, மெதுவாக. ஸ்பூன் போட்டுக் கலக்கக்கூடாது, குமிழி செத்துவிடும்.

ஊற்றியதும் மாதுளை முத்து ஒவ்வொன்றாக மேலே ஏறும். மேலே வந்து ஒரு நொடி நிற்கும். பிறகு கீழே இறங்கும். மறுபடி ஏறும். யாரும் தொடாமல் கிளாஸுக்குள் எதுவோ மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். பண்ணை வீடுகளில் அதைக் காட்டித்தான் கைதட்டல் வாங்குவேன். அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை. கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். எதிர் வீட்டுக்காரர், போன வருஷத்தைவிட அங்கிளின் கைப்பக்குவம் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, சொன்னதை யோசித்து உட்கார்ந்துவிட்டார். மகள் கிளாஸைக் காதில் வைத்துக் கேட்டாள். எல்லோரும் இருக்கும்போதே, புத்தாண்டு முடிந்து அம்மா என்னோடு வரவேண்டாம், நானே பொங்கலுக்கு வருகிறேன் என்றாள். ஆண்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டில் மட்டும் பிரிக்காமல் மீதி இருந்தது. ஆண்டி அதைத் துடைத்து, மாடிக்கு அனுப்பாமல், ஃப்ரிட்ஜுக்கு மேலே கண்ணில் படும்படி வைத்தார். நாற்பது வருஷம் அந்த மனிதர் ஒயின் போட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அவரு கட்டின கம்பிடா அது. அது மூச்சு விடாது."

கையில் இருந்த கிளாஸை மூன்றாவது தடவையாகக் கழுவினேன்.

"நீ சொன்னது நல்லாத்தான் இருந்துது. சாப்பிட்டுப் போ."

மறுநாளே மாடி அறையைக் காலி செய்தோம். பெட்டி, கோணி, கண்ணாடி எல்லாம் போயிற்று. தரையை நானே தேய்த்துக் கழுவினேன். ஸ்பானரையும் ஆணி டப்பாவையும் மகள் கேட்டபடி கீழே இறக்கிவைத்தேன். இப்போது அங்கே நாலு சுவரும் ஷீட்டும்தான். கதவுக்குப் பூட்டும் இல்லை.

பொங்கலுக்கு மகள் வந்தாள். கரும்பை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவள், புதுக் காலண்டரின் முன்னால் நின்றாள். ஜனவரித் தாளில் மூன்று பென்சில் கோடு. ஃப்ரிட்ஜுக்கு மேலே பாட்டில் மெழுகு கலையாமல் அப்படியே இருந்தது.

இது என்ன கோடு என்று கேட்டாள். ஆண்டி என்னைப் பார்த்தார்.

"பால்காரர் வராத நாளு அக்கா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு டம்ளரை எடுத்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று இருபத்தைந்து. நான் போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.