காட்டுக்குப் போனால் மட்டும் அடம்பிடிக்கும் துவக்கு

பழுதான சாமானைத் திருத்தத் தெரிந்தால் போதும் என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னைப் போல ஏமாந்தவர்கள்தான்; ஒவ்வொரு சாமானோடும் ஒரு மனிதரும் சேர்ந்துதான் வருவார். கடிகாரமோ தையல் மெஷினோ, எதைத் திருத்துகிறவராக இருந்தாலும் உங்களுக்கு இது தெரிந்திருக்கும். நான் திருத்துவது வேட்டைத் துப்பாக்கி, எங்கள் பேச்சில் துவக்கு. மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என்னை, ஸ்கார்பரோவில் இந்தக் கடை வைத்திருக்கும் ஃபிராங்க் வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஊரில் துவக்குச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே ஓடினவள், இங்கே அதற்கு ஸ்பிரிங் மாற்றுகிறேன். அம்மாவைக் கேட்டால், மகளுக்கு இன்னமும் "மெஷின் கடையில்" வேலை என்றுதான் சொல்லுவார்.

வெள்ளைக்காரர் எங்கே?

போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் செல்வா அண்ணை கடைக்குள் வந்தார். மல்வேர்னில் இருப்பவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். "சொல்லுங்கோ அண்ணை" என்றதும் முகமெல்லாம் சிரிப்பு. ஊர் எது, ஆருடைய மகள் என்று எல்லாம் விசாரித்தார். ஆனால் துவக்கு விஷயத்தை மட்டும் என்னிடம் வாய் திறக்கவில்லை. என்னைத் தாண்டிப் போய், மேசையோரம் நின்ற வெள்ளைக்காரரிடம் ஆங்கிலத்தில் தொடங்கினார்.

துவக்கு பழைய லீவர் துவக்கு. சுட்டபிறகு லீவரை இழுத்தால் வெடித்த ரவையின் வெற்றுக் கோது வெளியே துள்ளி விழவேண்டும். இது விழாது, உள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை எடுக்காமல் அடுத்த வெடி வைக்க முடியாது. அதற்குள் மான் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுப் போய்விடும். மான் பார்த்த விதத்தைக்கூட அண்ணை நடித்துக் காட்டினார். அந்த மனிதர் மரியாதையோடு கடைசிவரை கேட்டார். பிறகு கையில் இருந்த பார்சலைத் தூக்கிக் காட்டினார்.

"சேர், இதுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுத் தந்தால் நான் போய்விடுவேன்."

கீபோர்ட் பை

துவக்கு வந்தது அண்ணையின் மகளுடைய கீபோர்ட் பைக்குள். லைசென்ஸ் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, பொலிசுக்குப் பயமில்லை. பயம் எங்கள் ஆட்களுக்குத்தான். அவர் இருக்கும் மாடிக் கட்டிடத்தில் "துவக்கு" என்ற சொல் லிஃப்டில் விழுந்தால், பின்னேரத்துக்குள் மொன்றியலில் இருக்கும் சொந்தக்காரர்வரை போய்விடும். அதனால் மகளுக்குச் சங்கீத வகுப்பு என்று ஒரு பொய். மகள் கீபோர்டைத் தொட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. பொய் மட்டும் நன்றாக வளர்ந்துவிட்டது. அன்றைக்குக் காலையும் பத்தாம் மாடி அன்ரி லிஃப்டுக்குள் பையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"நல்ல பாரமாக் கிடக்கு. அரங்கேற்றம் எப்ப, தம்பி? ஹோல் புக் பண்ணீட்டியளோ?"

வாய்த்த உத்தியோகம்

எங்களிடம் வரமுன்னர் அண்ணை ஏறாத கடையில்லை. ஒருவர் இதில் பழுதே கிடையாது என்றார். இன்னொருவர், இந்த வயதுத் துவக்குக்குப் பாகம் கிடைக்காது, சுவரில் கொளுவி அழகு பாருங்கள் என்றார். வேறொருவர் அடுத்த வருடம் வரச் சொன்னார். நானும் வெடிக்காத சோதனை ரவைகளைப் போட்டு லீவரை இழுத்தேன். ஒன்றன்பின் ஒன்றாகத் துள்ளி விழுந்தன. ஃபிராங்க் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார்.

அண்ணை வேட்டைக்குப் போவது பஸ் டிப்போ நண்பர்களோடு. துவக்கு வேலை செய்யாதவர் கூடாரத்தில் சமைக்க வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். இரண்டு சீசனாகச் சமையல் இவர்தான். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. துவக்கை விட்டுவிட்டுப் போங்கள், வேட்டைக்கு முதல் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"இந்த நாட்டுக்கு வந்து வருசக்கணக்கா றெஸ்ரோறன்ற் குசினியில கோப்பை கழுவி, வெங்காயம் வெட்டி, பஸ் லைசென்ஸ் எடுத்துத்தான் வெளிய வந்தனான், பிள்ளை. காட்டுக்குப் போயும் குசினியோ?"

டக்கின் வேண்டுகோள்

இரண்டொரு நாளில் டக் என்ற பெயருடைய ஒருவர் வந்தார். அண்ணையோடு பஸ் ஓட்டுகிறவர், வேட்டைக் கூட்டாளி. செல்வாவின் துவக்கு எப்படி இருக்கிறது என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். நண்பனுக்காக அவசரப்படுத்த வந்திருக்கிறார், என்ன நல்ல மனிதர் என்று நினைத்து, சீசனுக்கு முதல் எப்படியும் முடித்துவிடுவேன் என்றேன். ஆளின் முகம் சுருங்கிப்போனது. கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"ஒரு அவசரமும் இல்லை, சீசன் முடியட்டும். போன வருடம் அவன் வைத்த ஆட்டுக் கறியைப் பற்றிக் கேள்விப்பட்டு, என் மச்சானும் இந்த முறை வருகிறான்."

புட்டுக்குப் பக்கத்தில்

அந்த ஆளின் கதையைக் கேட்டபிறகு எனக்கு ரோசம் வந்துவிட்டது. ரவையைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் இரும்புத் துண்டான போல்ட்டைத் துவக்கிலிருந்து வெளியே எடுத்து, வெற்றுக் கோதின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் சின்னக் கொளுக்கியைக் கழற்றினேன். மெல்ல ஒரு வாசம் வந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு முன்வாங்கில் இருந்தவளின் இரட்டைப் பின்னல் வாசம்!

அண்ணைக்குப் போன் அடித்தேன். "தேங்காய் எண்ணெய்தான் போடுறனான், வேற கண்டதையும் போடுறேல்லை" என்று பெருமையாகச் சொன்னார். கதவுப் பிணைச்சல், வெடித்த குதிக்கால் எல்லாவற்றுக்கும் எங்கள் வீடுகளில் அதுதானே மருந்து. ஆனால் குளிர் காலத்தில் அந்தப் போத்திலைச் சுடுதண்ணீரில் வைக்காமல் ஒரு துளி எடுத்தவர்கள் நம்மில் யார்? கடைகளின் சூட்டில் எண்ணெய் தண்ணீராக நிற்கும், துவக்கும் ஒழுங்காக வேலை செய்யும். காட்டுக் குளிரில்தான் பிரச்சினை.

கொளுக்கியைத் திரும்பப் பூட்டி, போல்ட்டை எங்கள் சாப்பாட்டு ஃபிரிட்ஜில், என் புட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். பால் எடுக்கப் போன ஃபிராங்க் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கொளுக்கிக்கு அடியில் வெள்ளை வெளேரென்று கட்டி. அது அசையவே இடமில்லை. சுரண்டித் துடைத்து, குளிருக்கு உறையாத எண்ணெய் போட்டுப் பூட்டினேன். துவக்கை எடுக்க அண்ணை மனைவியோடு வந்தார். நடந்ததைச் சொன்னதும் அக்கா அவருடைய தலையையும் துவக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போத்தில் போத்திலா முடியேக்கை நானும் யோசிச்சனான், உந்த மொட்டைத் தலைக்கு உவ்வளவு எண்ணெய் எங்க போகுது எண்டு."

மான் விழுந்த பிறகு

சீசன் முடிந்ததும் அண்ணை மான் கறியோடு வந்தார். முதல் வெடி தவறியதாம். லீவரை இழுத்தாராம், கோது துள்ளிப் போய்ப் பனிக்குள் விழுந்ததாம், இரண்டாவது வெடிக்கு மான் சரிந்ததாம். கோது விழுந்த இடத்தை, மான் விழுந்த இடத்தைவிட விவரமாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப ஒருமாதிரிக் குசினியால தப்பிட்டியள்" என்றேன். அண்ணை கொஞ்சம் நெளிந்தார். எல்லாத் துவக்கும் வேலை செய்ததால் சீட்டுக் குலுக்கினார்களாம். சமையல் டக்குக்கு விழுந்ததாம்.

"நான் சுட்ட மானை அவன் வெறும் தண்ணியில அவிக்கிறான், பிள்ளை. பாத்துக்கொண்டு நிக்கேலுமே? துவக்கை அவன்ரை கையில குடுத்திட்டு, அகப்பையை நானே பறிச்சுப்போட்டன்!"

ஆக, ஒரு மனிதரைக் குசினியிலிருந்து மீட்க நான் இவ்வளவு பாடுபட்டேன், அவரோ விரும்பியே திரும்பிப் போய்விட்டார், அந்தக் கறியைச் சாப்பிட்ட வாயால் அவரைக் குறை சொல்லவும் எனக்கு வழியில்லை.