படபடப்புக்கு ஒரு கோப்பு

ஓய்வு பெற்ற மறு வருடம் எனக்கு அடிக்கடி நெஞ்சு படபடத்தது. வேறு யாராயிருந்தாலும் டாக்டரிடம் போயிருப்பார்கள். முப்பது வருடம் அரசாங்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்திய நான், அதற்கும் ஒரு கோப்பு திறந்தேன். தேதி, நேரம், நாடித்துடிப்பு, குறிப்பு என்று கட்டம் போட்டேன்.

ஒரு நாள் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் படபடப்போடு கண் இருட்டி, காய்கறிக் கடை ஸ்டூலில் சரிந்தேன். வீடு திரும்பியதும் அதையும் பிழையில்லாமல் பதிவு செய்தேன். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

நாலு நாள் கழித்து கோப்பு அவள் கையில் அகப்பட்டது.

"ஏங்க, மயங்கி விழுந்ததுக்கு எதிர்ல 'தகவலுக்கு மட்டும்'னு எழுதியிருக்கீங்களே, யாருக்குத் தகவல்? எமனுக்கா?"

அடுத்த நிமிஷமே ஆட்டோவை வரவழைத்து என்னை ஏற்றினாள்.

டாக்டர் ஈ.சி.ஜி.யைப் பார்த்தார், பிறகு கோப்பை மரியாதையோடு புரட்டினார். "சும்மா படபடன்னு வந்து போனா நிதானமா வந்து காட்டலாம் சார். மயக்கமோ, நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ சேர்ந்தா அப்பவே ஓடி வரணும். நாலு நாள் தப்பிச்சது உங்க அதிர்ஷ்டம்."

உடனே அட்மிட் செய்தார். தாளம் தப்பிய இதயம் இரண்டு நாள் மருந்தில் வழிக்கு வந்தது. டிஸ்சார்ஜ் நேரத்தைக் குறித்துக்கொள்ள மனைவியிடம் பேனா கேட்டேன். தரவில்லை.