முறை போட்டு வந்த அப்ரண்டிஸ்

எழுபதுகளின் கடைசியில், வடசென்னையில் டீசல் எஞ்சின் செய்யும் ஒரு கம்பெனியில் பயிற்சிப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. நன்றாகவே நடத்தினேன். அடக்கத்துக்காக அதை மறைக்கப்போவதில்லை.

எங்கள் மேனேஜருக்கு ஒரு கொள்கை உண்டு. எஞ்சினை ஒரு மீனவருக்கு விளக்கத் தெரியாத பொறியாளனுக்கு எஞ்சினே தெரியாது என்பார். அதனால் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் இருக்கும் மீனவக் கிராமமான லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போய் அங்குள்ள இளைஞர்களுக்கு அறிவியல் சொல்லித்தர வேண்டும். இவர்கள் பேசப் பழகுவார்கள், அவர்கள் எஞ்சினைப் பழகுவார்கள். பழவேற்காடு வரை பஸ்ஸில் வந்த பழைய ஒற்றை சிலிண்டர் எஞ்சினைத் தோணியில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனோம். வலை காயும் மணலில் தார்ப்பாய் விரித்து அதை வைத்தோம்.

முதல் நாள் வகுப்பெடுத்த இளம் பொறியாளன் வெப்ப இயக்கவியலில் ஆரம்பித்தான். பக்கத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அம்மாள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இன்னா நைனா, மந்திரம் ஓதிகினு கீற? அத்த சுத்தி வுடு, ஓடுதா பாப்போம்” என்றாள். கூட்டம் சிரித்தது. அடுத்த வாரம் நான் சைக்கிள் பம்பு ஒன்றை எடுத்துப்போனேன். வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக அடிக்கச் சொல்லி, பம்பின் அடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சுட்டது. பத்தொன்பது வயதிருக்கும் ஒருவன் கையை எடுக்காமலே கேட்டான்: “காத்த நெருக்குனாலே இப்டி சுடுதுன்னா, எண்ணெய வுட்டா தானா பத்திக்கும். அப்ப இதுக்கு நெருப்பே வாணாமா சார்?” டீசல் எஞ்சினின் மொத்தக் கதையும் அதுதான். அன்றே அவனைக் குறித்துக்கொண்டேன்.

ஓராண்டு வகுப்பு நடந்த பிறகு, கடலோரப் பிள்ளைகளுக்கென்று நான்கு அப்ரண்டிஸ் இடங்களை மேனேஜர் ஒதுக்கினார். ஆள் எடுப்பது என் வேலை.

நான் ஊரில் போய் ஒரே ஓர் இடம் என்று சொன்னேன்.

மற்ற மூன்றையும் மூன்று ஃபோர்மேன்களின் உறவுப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டேன். என்னிடம் பயிற்சி பெறும் பையன்களை ஃபோர்மேன்கள் நல்ல மிஷின் பக்கமே விடமாட்டார்கள். இதற்குப் பிறகு விட்டார்கள். அதை அப்போது நான் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

குப்பத்தில் பரீட்சை வைத்ததில் பம்பைத் தொட்ட அந்த இளைஞன்தான் தேறினான். தேறிய அன்றே, வலையில் தனக்கிருந்த பங்கைத் தம்பிக்கு எழுதாத குறையாக விட்டுக்கொடுத்தான். “நான் ஃபிட்டர் ஆவப்போறேன், எனக்கு எதுக்கு வலை” என்று ஊரெல்லாம் சொன்னான். கம்பெனி விடுதியில் தங்கி ஒரு வாரம் வேலை பழகிவிட்டு ஊருக்குப் போனான்.

திங்கட்கிழமை அவனுக்குப் பதில் வேறொருவன் வந்து நின்றான். அதே காக்கிச் சட்டை. தோள்தான் பிதுங்கியது.

“அவன் பாடு முடிஞ்சிடுச்சு சார். இந்த வாரம் என்னுது” என்றான்.

ஏரியில் இறால் கிடைக்கும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். இன்று இவர், நாளை அவர் என்று ஊர் முறை வைத்து வலை போடுவார்கள். அதற்குத்தான் பாடு என்று பெயர். கம்பெனியில் கிடைத்த ஒற்றை இடத்தையும் ஊர் கூடிப் பாடு வைத்துவிட்டது. மூன்றாம் வாரம் மூன்றாவது ஆள் வந்தான், நான்காம் வாரம் நான்காவது. “அடுத்த வாரம் மூஞ்சி எப்டி இருக்கும்னு முன்னாடியே சொல்லிடு சார், கேட்ல சொல்லி வைக்கணும்” என்றார் ஃபோர்மேன் ஒருவர்.

மேனேஜர் சிரிக்கவில்லை. ஒரே ஆள் வரவேண்டும், இல்லையென்றால் இடம் ரத்து என்றார். நான் குப்பத்துக்குப் போனேன். கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. முறை வைத்து வந்த நான்கு பேரும் எனக்கு எதிரே நின்றார்கள்.

“படிப்பு இறால் இல்ல தலைவரே. மாத்தி மாத்தி வந்தா ஒருத்தருக்கும் சர்டிபிகேட் கிடைக்காது. பரீட்சையில தேறினவனை அனுப்புங்க” என்றேன்.

“கெட்டிக்காரன்தான் சார், இல்லன்னு யாரு சொன்னா? அதுக்கோசரம் மத்தவன் சோறு துன்ன வாணாமா? இருக்கறது ஒண்ணு. ஒண்ணுன்னா இப்டித்தான்” என்றார் ஊர்த்தலைவர். பிறகு கொஞ்சம் யோசித்து, “ஒரே ஆளுதான் வேணும்னா நாலு பேருக்குள்ள குலுக்கிப் போட்டுடலாம்” என்றார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான்கு இடம், நான்கு பேர். ஃபோர்மேன் வீட்டுப் பையன்கள் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, மேனேஜரிடம் போய் ஒப்புக்கொண்டால் மாற்றியிருப்பார். என் வேலை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். குலுக்கிப் போடச் சொல்லித் தலையாட்டினேன்.

ஒரு குழந்தை எடுத்துக் கொடுத்த காகிதத்தில் இரண்டாம் வாரம் வந்தவனின் பெயர் இருந்தது. “மாப்ள, நீயே போடா” என்று அவன் பக்கத்தில் நின்ற, பரீட்சையில் தேறியவனிடம் முனகினான். “ஊர் போட்டத மாத்தாத” என்று தலைவர் அதட்டினார். தேறியும் தோற்றவன்தான் சிரித்தான். “போடா டேய். லேத்துல வெரல வுட்டுகினு வந்து நிக்காத.”

என்னைத் தோணியில் ஏற்றி அக்கரைக்கு விட அவனே வந்தான். கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே கேட்டான்.

“கம்பெனில மொத்தம் எத்தினி எடம் சார்?”

“ஒண்ணுதான்” என்றேன்.

அவன் கழியை எடுத்து மறுபக்கம் ஊன்றினான்.

“இல்ல, டிரெய்னிங் ஷெட்ல இரும்பு புடிக்கிற வைஸ் நாலு புதுசா மாட்டி இருந்துச்சு. என்னோடது போவ மூணுல பசங்க நின்னுகினு இருந்தானுங்க. கேட்டேன். அவனுங்களும் நான் சேந்த அன்னிக்குத்தான் சேந்தானுங்களாம்.”

கரை வந்ததும் தோணி ஆடாமல் கழியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நான் இறங்கக் கை கொடுத்தான்.

“ஞாயித்துக்கெழம கிளாஸ் உண்டுல்ல சார்?”

“உண்டு.”

“வந்துடறேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை உடம்பு சரியில்லை என்று சொல்லி வேறொரு பொறியாளனை அனுப்பினேன். வகுப்பு நன்றாக நடந்ததாகவும், ஒருவன் மட்டும் என்னை விசாரித்ததாகவும் அவன் திரும்பி வந்து சொன்னான். அதற்குப் பிறகு நான் அந்தத் தோணியில் ஏறவில்லை. வகுப்புகள் எண்பதுகளிலும் தொடர்ந்தன. எனக்குப் பதவி உயர்வு வந்தது. குலுக்கலில் வந்தவன் நல்ல ஃபிட்டரானான். அவனை எடுத்தது நான்தான் என்று பல கூட்டங்களில் பெருமையாகப் பேசியிருக்கிறேன். தோற்றவன் கொடுத்த பங்கைத் தம்பியிடம் திருப்பிக் கேட்கவில்லை, அதே வலைக்குக் கூலி ஆளாகப் போகிறான் என்று கேள்விப்பட்டேன்.

கேள்விப்பட்ட பிறகும் நான் போகவில்லை.