காலருக்குள் இருந்த குறி

மன்னிப்பது பெரிய குணம் என்பார்கள். எனக்கு அது இல்லை. வல்லக்கோட்டை முருகனிடம் எத்தனையோ வேண்டியிருக்கிறேன், அதை மட்டும் கேட்டதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில் வல்லம் வடகால் பக்கம் ஏரிக்கரைப் புறம்போக்கில் இருந்த குடிசைகள் எரிந்துபோயின. வீடு கட்டித்தர ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. அங்கே நான் டிராயிங் போடுகிற வேலையில் இருந்தேன். எனக்கு மேலே ஓர் இன்ஜினீயர். எல்லாரும் செங்கல் வீடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது: நாளைக்கே இடத்தைக் காலி பண்ணச் சொன்னால் செங்கல் சுவரை எங்கே கொண்டுபோவது?

அதனால் கழற்றி மாட்டுகிற வீடு வரைந்தேன். பக்கவாட்டில் பள்ளம் விட்ட கம்பங்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே மேலிருந்து இறக்குகிற மெல்லிய சிமெண்ட் பலகைகள். இணைப்புக்குப் பூச்சு கிடையாது. வேண்டாமென்றால் உருவி வண்டியில் ஏற்றலாம், குடும்பம் பெருகினால் இன்னும் இரண்டு கம்பம் நட்டு ஓர் அறை சேர்க்கலாம். நாற்றுக்கட்டு சுமக்கிற இரண்டு பெண்கள் தூக்கமுடிகிற கனம்தான் ஒரு பலகையின் கனம். மாட்டு வண்டியின் நீளம்தான் அதன் நீளம். கூரைக்குப் பனங்கைச் சட்டம், மேலே ஓடு. பின்னால் ஒரு கக்கூஸ், அதன் குழிமேல் மூடுபலகை.

பார்வைக்கு எல்லாப் பலகையும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் மழைத்தண்ணீர் வெளியே வழிய விளிம்பில் ஒரு சரிவு வைத்திருந்தேன். இடப்பக்கத்துக்கு ஒரு மாதிரி, வலப்பக்கத்துக்கு வேறு மாதிரி. மாற்றிப் போட்டால் பாதி இறங்கி மாட்டிக்கொள்ளும்.

அட்டையில் மாதிரி வீடு செய்து இன்ஜினீயரிடம் காட்டினேன். "பரவால்லையே" என்றார். பத்து நாளில் புளூபிரிண்ட் வந்தது. டிசைன் என்ற கட்டத்தில் அவர் பெயர். கீழே பொடி எழுத்தில், டிரேஸ் எடுத்தவர், அதாவது படத்தை நகலெடுத்தவர், என்று நான். நேரே போய்க் கேட்டேன்.

அவர் தன் சட்டையைத் தொட்டுக் காட்டினார். "இது உங்கம்மா வெளுத்த சட்டைதான். அதுக்காவ சட்டை உங்கம்மாவோடதாயிடுமா?"

ஸ்ரீபெரும்புதூரில் அவர் வீட்டுத் துணியையும் என் அம்மாதான் வெளுத்துக்கொண்டிருந்தாள். புளூபிரிண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் இன்றைக்கும் அணையவில்லை.

பலகை வார்த்தவர்கள் குடிசை இழந்த பெண்கள். அவர்களுக்கு எண் படிக்கத் தெரியாது. எந்தப் பலகை எங்கே போகும் என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரி அடையாளம் வேண்டியிருந்தது. வீட்டுக்கு வீடு துணி மாறாமல் இருக்க அம்மா சேங்கொட்டையின் அழியாத கறுப்புச் சாற்றால் துணியின் உள்பக்கத்தில் குறி போடுவாள்: ஒரு புள்ளி, புள்ளிக்குமேல் கோடு, கொக்கி, கூட்டல். அந்தக் குறிகளையே எடுத்துக்கொண்டு பலகைகளில் தாரால் போட்டேன். ஒரே காலையில் கற்றுக்கொண்டார்கள்.

கொக்கியும் கீழே இரண்டு புள்ளியும் இன்ஜினீயர் வீட்டுக் குறி. அதைக் கக்கூஸ் மூடுபலகைக்குக் கொடுத்தேன். அந்த ஒன்றைத் தாரோடு விடவில்லை, சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே ஆணியால் ஆழமாகக் கீறினேன்.

"இது யாரு வூட்டுக் குறிம்மா?" என்று ஒருத்தி கேட்டாள். சொன்னேன். சிமெண்ட் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வந்து முதல் வீட்டை நிறுத்துவதைப் பார்ப்பதாக ஏற்பாடு. முந்தின நாள் இன்ஜினீயர் வந்தார். "இன்னா இது, அழுக்கு மூட்டை மாதிரி குறி போட்டு வெச்சிகீறீங்க? எல்லாத்தையும் சுண்ணாம்பு அடிங்க" என்றார். இரண்டு கை அடித்தார்கள். எல்லாம் ஒரே வெள்ளை. நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். சொல்லவில்லை.

மறுநாள் நாற்காலி, மாலை, சோடா. பெண்களை ஓரம் கட்டிவிட்டு இன்ஜினீயர் ஒரகடத்திலிருந்து ஆண்களைக் கூட்டி வந்திருந்தார். முதல் பலகை பாதியில் நின்றது. உருவினார்கள், திருப்பினார்கள், வேறொன்றைத் தூக்கினார்கள். அதுவும் நின்றது. வெயில் உச்சிக்கு வந்தபோது இரண்டு கம்பம் சாய்ந்திருந்தது, ஒரு சுவர் முடியவில்லை. பெண்கள் என்னையே பார்த்தார்கள். நான் ஏரியைப் பார்த்தேன். நுங்கு தின்றதுபோல் உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வீடில்லாத குடும்பங்கள் அந்த வெயிலில் நின்றன, அவர்களுக்காகவாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அது என் தப்புதான்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இன்ஜினீயர் என்னைக் கைகாட்டினார். "டிரேஸ் எடுத்த பொண்ணு தப்பா போட்ருச்சு சார்."

"டிசைன் யாருது சார்?" என்று அவரையே கேட்டேன். "ஒங்களுதுதானே? அப்ப எந்தப் பலகை எங்க போவும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் ஒரு பலகையைத் தொட்டார், கையை எடுத்தார், அடுத்ததைத் தொட்டார். அதிகாரி திரும்பி அவரைப் பார்த்தார். நான் பெண்களிடம், "தண்ணி ஊத்துங்கம்மா" என்றேன்.

வெள்ளையடித்த சுவரில் மழைச்சாரல் விழுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நனைந்த சுண்ணாம்பு அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏரித் தண்ணீர் விழ விழ குறிகள் கறுப்பாக எழுந்துவந்தன. பெண்கள் ஆண்களை விலக்கிவிட்டு இறங்கினார்கள். பலகைகள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் இறங்கின.

"என்னம்மா எழுத்து இது?" என்றார் அதிகாரி.

"எங்கம்மா துணிக்குப் போடற குறி சார். ஒவ்வொரு வூட்டுக்கும் ஒண்ணு."

கடைசியாகக் கக்கூஸ் பலகையைத் தூக்கி வந்தார்கள். "இது யார் வீடு?"

"இன்ஜினீயர் சாரோட காலருக்குள்ள இருக்கும், பாருங்க."

யாரும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் அவர் கை தானாகப் பிடரிக்குப் போய்க் காலரை மூடிக்கொண்டது. கூட்டத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லாரும். பெண்கள் பலகையைப் பின்பக்கம் கொண்டுபோய்க் குழிமேல் வைத்தார்கள்.

டிசைனில் என் பெயரை எழுதச் சொன்னார் அதிகாரி. இன்ஜினீயர் தலையாட்டினார். அடுத்த வருஷம் அந்த வீட்டைப் பற்றிப் புத்தகம் போட்டார்கள். அதில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. அம்மாவுக்கு அவர் வீட்டுத் துணி நின்றுபோனது. "வாயிருந்தா வூடு கெடும்" என்று ஒரு வாரம் என்னைத் திட்டினாள்.

நான்கைந்து வருஷத்தில் நான் பயந்தபடியே இடத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். அந்தச் சனங்கள் பலகைகளை உருவி வண்டியில் ஏற்றி ஒரகடத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார்கள். பார்க்கப் போனேன். ஒரு பலகைகூட உடையவில்லை. சுண்ணாம்பு எல்லாம் போயிருந்தது, தார்க் குறிகளும் மங்கியிருந்தன. கக்கூஸ் பலகையில் கொக்கியும் இரண்டு புள்ளியும் மட்டும் கீறினபடியே இருந்தன.

நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அந்த வீட்டுக்காரி சிரித்தாள்.

"இங்க ஆரும் கக்கூஸ்னு சொல்றதில்லம்மா. சின்னதுங்கள்ளாம் இன்ஜினீயர் வூட்டுக்குப் போய்ட்டு வரேன்னுதான் சொல்லுதுங்க."