சீனி போடாத தே தாரிக்

1. சினைப்பையில் நீர்க்கட்டிகள் என்றார் மருத்துவர்.
2. சோற்றைப் பாதியாக்கினேன், சாப்பிட்டதையெல்லாம் கணினியில் குறித்தேன்.
3. வீட்டில் சொல்லவில்லை.
4. ஐந்து மாதமாகியும் மாதவிலக்கு வரவில்லை.

பத்து காவான் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலையிலிருந்து ஜார்ஜ் டவுன் அறைக்குத் திரும்பும் வழியில், ஒரு கடையில் தினமும் இரண்டு தே தாரிக், அதாவது நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், குடிப்பேன். "சீனி வேண்டாம்ணே" என்பேன். ஒருநாள் கடைக்கார அண்ணன் கேட்டார்.

"ஏன் தங்கச்சி, இனிப்பு நீர் வியாதியா?"

"இல்லண்ணே, வயித்துல கட்டி. இனிப்பு குறைக்கணும்."

அதை ஒருவரிடம் சொன்னது அன்றுதான் முதல்முறை.

"அப்ப இதைக் குடிக்காத லா. சீனி போடலதான், டின்பால் ஊத்துறேனே, அது மட்டும் கசக்குமா?"

என் கணினிப் பட்டியலில் தேநீருக்கு நேரே சீனி பூஜ்யம் என்று இருந்தது. யாரிடமாவது காட்டியிருந்தால் அன்றே சிரித்திருப்பார்கள்.

இப்போது பாலும் சீனியும் இல்லாத வெறும் தேநீர்தான் குடிக்கிறேன். போன மாதம் மாதவிலக்கு வந்தது; இந்த மாதம் இன்னும் இல்லை. அம்மாவிடமும் இன்னும் சொல்லவில்லை.